சூரியனைச் சுற்றும் கீறல்கள்

புரட்டாசிச் சனிக்கிழமையில் செஞ்சியை அடுத்த சிங்கவரம் ரங்கநாதர் கோயிலுக்குப் போனால், மலையடிவாரத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். படியேறும் அவசரத்துக்கு நடுவே ஒரு நிமிடம் ஒதுக்கி, கறுப்போ கருநீலமோ ஆன ஒரு காரின் பானெட்டைக் கவனியுங்கள். சூரியனின் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். துடைத்தவர் கையைச் சுழற்றிச் சுழற்றித் துடைத்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். இப்போது இரண்டடி தள்ளி நின்று மறுபடி பாருங்கள். பிம்பம் உங்களோடு நகர்ந்திருக்கும். வட்டங்களும் அதன் பின்னாலேயே நகர்ந்து, புதிய இடத்தில் அதைச் சூழ்ந்திருக்கும்.

கீறல் என்பது பெயின்டில் விழுந்த பள்ளம். பள்ளம் எப்படி நடக்கும்?

இதற்கான சோதனையைச் சமையலறையிலேயே செய்யலாம். தினமும் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டு ஒன்றை ஒற்றை பல்புக்குக் கீழே பிடியுங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி அதே வட்டங்கள் இருக்கும். தட்டைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பிம்பம் தட்டின் எந்த ஓரத்துக்குப் போனாலும் வட்டங்களின் மையமும் அங்கே போய்விடும். ஆக, வட்டம் தட்டில் இல்லை. தட்டில் இருப்பவை எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் சின்னஞ்சிறு கீறல்கள். அவற்றில் சிலவற்றை மட்டும் ஒளி நமக்குக் காட்டுகிறது; மற்றவற்றை மறைத்துவிடுகிறது.

எவற்றைக் காட்டுகிறது? கீறல் என்பது நீளமான, மிக ஒடுங்கிய பள்ளம். அதன் இரு கரைகளும் சரிவானவை. விழும் ஒளியை அந்தச் சரிவுகள் பள்ளத்தின் குறுக்குவாக்கில் இரு பக்கமும் விசிறிவிடும். நீளவாக்கில் விசிறாது. பிம்பத்துக்கு வலப்பக்கம் ஓர் அங்குலம் தள்ளி இருக்கும் ஒரு கீறலின் ஒளி நம் கண்ணுக்கு வரவேண்டுமானால், அது இடவலமாகத் திரும்பியாக வேண்டும். அப்படித் திருப்பக்கூடியது மேலும் கீழுமாகக் கிடக்கும் கீறல் மட்டுமே. பிம்பத்துக்கு மேலே இருக்கும் இடத்தில் இது தலைகீழ்: அங்கே கிடைமட்டக் கீறலுக்குத்தான் ஒளி வரும். இப்படிப் பிம்பத்தைச் சுற்றி ஒவ்வோர் இடத்திலும், பிம்பத்தை நோக்கிய கோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கும் கீறல் மட்டும் மின்னுகிறது. மின்னும் துண்டுகளைக் கண் கோத்துப் பார்க்கும்போது அவை வட்டங்களாகத் தெரிகின்றன.

வட்டமாகத் துடைக்காதே, நேர்கோட்டில் துடை என்று கார் துடைப்பவர்கள் சொல்வதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. நேராகத் துடைத்தால் கீறல் விழாது என்பதல்ல. விழும் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும். சூரியன் அதற்கேற்ற பக்கத்தில் வரும்போது மட்டும் காட்டிக்கொடுக்கும். மற்ற நேரங்களில் ஒளிந்துகொள்ளும்.

பளபளப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். காரின் மேற்பரப்பு உண்மையில் நிறமற்ற ஒரு பிளாஸ்டிக் படலம். நேராக அதன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தை மட்டுமே அது திருப்பியனுப்புகிறது. மீதி உள்ளே போய், அடியிலுள்ள நிறத்தில் பட்டு, நிறமாக வெளியே வருகிறது. அந்த 4 சதவீதம் ஒழுங்காக ஒரே கோணத்தில் திரும்பினால் பானெட்டில் மரமும் மேகமும் தெளிவாகத் தெரியும். இதை நேர் எதிரொளிப்பு என்பார்கள். அதே 4 சதவீதம் பல பக்கமும் சிதறினால் வெளிறிய மூட்டமாகத் தெரியும். இரண்டிலும் திரும்பும் ஒளியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஒழுங்கு மட்டும் போய்விட்டது. கறுப்புக் காரில் கீறல் பளிச்சென்று தெரிவதும் வெள்ளைக் காரில் தெரியாமல் போவதும் இதனால்தான். வெள்ளை நிறம் அடியிலிருந்தே ஏகப்பட்ட ஒளியைச் சிதறடிப்பதால், கீறலின் சிறு சிதறல் அதில் கரைந்துவிடுகிறது. பராமரிக்கச் சோம்பலுள்ளவர்கள் வெள்ளைக் கார் வாங்குவது அறிவியல்படி மிகச் சரி.

ஒழுங்காகத் திரும்ப, பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும்? பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலே பிரபுவின் பெயரால் ஓர் அளவுகோல் உண்டு: மேடுபள்ளங்களின் உயரம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கினால் பரப்பு வழவழப்பாகவே ஒளிக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. எட்டில் ஒன்று என்றால் சுமார் 70 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த அளவு பார்க்கும் கோணத்தைப் பொறுத்து மாறும். இந்தக் கட்டுரை அச்சான தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஏறக்குறைய விளிம்போடு விளிம்பாக ஜன்னலை நோக்கிப் பாருங்கள். சொரசொரப்பான தாள்கூடப் பளபளக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இது உதவும்: பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் எந்தப் பெயின்டும் அழகுதான். நேராக மேலிருந்து பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பிளாஸ்டிக் படலத்துக்கு வருவோம். இரும்புத் தகட்டின்மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சு. தகட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி அதைப் படியவைக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே தெளிபூச்சு. ஒர்க்ஷாப்பில் கிளியர் கோட் என்பார்கள். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தெளிபூச்சு மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரை விழுங்கி அடியிலுள்ள நிறத்தைக் காப்பாற்றும் வேதிப்பொருள்கள் இதில்தான் கலந்திருக்கின்றன. பாலிஷ் போடும் வேலை முழுக்க இந்த 40 மைக்ரானுக்குள்தான் நடக்கிறது. பாலிஷ் என்பது பளபளப்பைப் பூசுவது அல்ல. கீறலின் அடிவரைக்கும் சுற்றியுள்ள பெயின்டை இழைத்து எடுப்பது. சந்தனக்கட்டையை உரைப்பது போலத்தான். மணம் கிடைக்கிற ஒவ்வொரு முறையும் கட்டை சிறுக்கிறது. கீறல் போகும்படி மெஷின் வைத்து ஒரு முறை பாலிஷ் போட்டால் சில மைக்ரான் போய்விடும். இழந்த தெளிபூச்சு வளராது. அது மெலிந்துவிட்டால் வெயில் நிறத்தைத் தாக்கும். கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரியும். அதற்குப் பிறகு பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் கீறாமலே அளக்கக் கருவி உண்டு. இரும்பு அருகில் இருந்தால் ஒரு கம்பிச்சுருளின் காந்தப்புலம் மாறும். நடுவில் பெயின்ட் தடித்திருந்தால் அந்த மாற்றம் குறையும். மாற்றத்தை அளந்தால் தடிமன் கிடைத்துவிடும். ஆனால் கருவி சொல்வது எல்லாப் பூச்சுகளின் மொத்தத்தை. தெளிபூச்சின் பங்கை அனுபவத்தில்தான் ஊகிக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வாய் திறக்காது.

உங்கள் காரில் தெளிபூச்சு இருக்கிறதா என்பதற்குக் கருவியே வேண்டாம். யாரும் பார்க்காத ஓரத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சு. நிறமும் மெருகும் ஒரே அடுக்கில் இருந்த பழைய அம்பாசடர்களில் அப்படித்தான் ஒட்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் நீங்கள் தேய்ப்பது நிறமற்ற தெளிபூச்சை.

கீறுவது யார்? இந்தக் கேள்விக்குச் செஞ்சியில் பதில் தேட வேண்டியதில்லை, நிமிர்ந்து பார்த்தால் போதும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று ஊரைச் சூழ்ந்து நிற்பவை எல்லாம் கருங்கல் குன்றுகள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபோது வெளியான படங்களில்கூட, கோட்டைச் சுவரைவிடக் குவிந்து கிடக்கும் உருண்டைப் பாறைகள்தான் அதிகம் கண்ணில் படும். கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா என்று பல கனிமங்கள் உண்டு. வெயிலிலும் மழையிலும் ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மக்கிக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மக்காது, மணலாகவும் தூசியாகவும் மிஞ்சும். 1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர், எது எதைக் கீறும் என்பதை வைத்து 1 முதல் 10 வரை ஒரு படிவரிசை அமைத்தார். அதில் வைரம் 10, குவார்ட்ஸ் 7, நகம் இரண்டரை. ஜன்னல் கண்ணாடியே ஐந்தரைதான். கார் பெயின்டோ வெறும் பிளாஸ்டிக். ஆக, திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் வந்து நிற்கும் ஒரு காரின்மேல் படிந்திருக்கும் மெல்லிய தூசியில், கண்ணாடியையே கீறக்கூடிய துகள்கள் கலந்திருக்கின்றன. எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் வந்த கார் என்றால் இன்னும் மோசம். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. கிரஷரில் உடைத்த மணலுக்கு முனைகள் புதிதாக, கூராக இருக்கும்.

தூசி தானாகக் கீறுவதில்லை. அதை அழுத்தி இழுக்க ஒரு கை வேண்டும். காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியால் காரைத் தட்டித் துடைப்பது நம் ஊரில் ஒரு நித்தியக் கடமை. நிழலில் நிறுத்திய காருக்குக்கூடச் சூரியனைச் சுற்றிய வட்டங்கள் வருவதற்கு முதல் காரணம் அந்த அக்கறைதான். துடைக்காமல் விட்ட கார் அழுக்காகத் தெரியும், ஆனால் பெயின்ட் பிழைத்திருக்கும். துடைத்தே தீர வேண்டுமென்றால் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். பிறகு ஷாம்பு நுரை, மேலிருந்து கீழாக, சக்கரத்துக்கு அருகே கடைசியாக. துணியை அலச ஒரு வாளி, ஷாம்புக்கு வேறு வாளி. நார்மடிப்புகளுக்குள் துகளை வாங்கிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் துணி நல்லது. அது கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது.

கீறல் விழுந்தாகிவிட்டது, இப்போது எடுக்க வேண்டும் என்போருக்கு ஒரு வேடிக்கையான வரலாறு காத்திருக்கிறது. பாலிஷ் போடும்போது பரப்பில் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு விடை காண இரண்டரை நூற்றாண்டு ஆனது. 1704இல் வெளியான ஒளியியல் நூலில் நியூட்டன் ஒரு விளக்கம் தந்தார். மணலும் பொடியும் வைத்துக் கண்ணாடியைத் தேய்ப்பது கீறலை ஒழிப்பதல்ல. பெரிய கீறலை அழித்துச் சிறிய கீறலைப் போடுவது. கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்ததும் அதை மெருகு என்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஜார்ஜ் பெய்ல்பி இதை மறுத்தார். தேய்க்கும்போது மேல்தோல் குழைந்து வழிந்து பள்ளங்களை மூடிக்கொள்கிறது என்றார். அவர் கையில் சான்றும் இருந்தது: மெருகேறிய பரப்பில் அமிலத்தை இட்டதும், மறைந்துபோன பழைய கீறல்கள் மறுபடி தலைகாட்டின.

1937இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் பௌடனும் ஹியூஸும் செய்த சோதனை இதைவிட ருசியானது. அவர்கள் எடுத்துக்கொண்ட மெருகுப் பொருள்களில் நம் பூஜையறைக் கற்பூரமும் ஒன்று. கற்பூரம் விரல் நகத்தில் நொறுங்கும் மென்மையான பொருள். சுமார் 178 டிகிரி செல்சியஸில் உருகும். எழுபது டிகிரியிலேயே உருகிவிடும் ஓர் உலோகக் கலவையை அது மெருகேற்றியது. 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. உரசும் புள்ளிகளில் எழும் வெப்பத்தில் எது முதலில் இளகுகிறதோ அது குழைகிறது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். பிறகு 1950களில் ஆஸ்திரேலியாவின் லெனர்ட் சாமுவேல்ஸ் உலோகப் பரப்புகளை நுட்பமாக ஆராய்ந்து, ஆய்வகங்களில் பொடி வைத்துச் செய்யும் மெருகேற்றலில் பெரும்பாலும் நடப்பது நுண்ணிய சீவல்தான் என்று காட்டினார். நியூட்டன் திரும்பி வந்துவிட்டார். ஆனால் பெய்ல்பி முழுத் தோல்வியும் அடையவில்லை. குழைவதும் நடக்கிறது, எது எவ்வளவு என்பது பொருளையும் பொடியையும் அழுத்தத்தையும் பொறுத்தது.

குழைத்து மெருகேற்றுவதற்கு நம்மிடமே ஓர் அழகான சான்று உண்டு. செஞ்சிக் கோட்டைக் கட்டடங்களில் சுண்ணாம்புப் பூச்சின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம். அந்தத் தொழிலின் உச்சம், பளிங்கைப் போலவே மின்னும் என்று ஐரோப்பியர் வியந்த மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த, செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் ஐசக் பைக் அதன் பக்குவத்தை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1732இல் அது வெளியானது. கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு, நெய், தயிர் எல்லாம் அந்தப் பக்குவத்தில் வருகின்றன. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். அந்தக் கல்லில் கூர்மை கிடையாது. அது சுண்ணாம்பைச் சீவாமல் அமுக்கி, துகள்களை நெருக்கி, பள்ளங்களை மூடுகிறது. இழப்பில்லாத மெருகு. காய்ந்து இறுகிய கார் பெயின்டில் இது நடக்காது. அங்கே சீவித்தான் ஆக வேண்டும்.

காரில் சீவும் வேலையை ரப்பிங் காம்பவுண்டில் உள்ள அலுமினியம் ஆக்சைடு பொடி செய்கிறது. மோஸ் வரிசையில் அது 9, குவார்ட்ஸையும் கீறும். அவ்வளவு கடினமான பொருள் கீறலைப் போடாமல் எடுப்பது எப்படி? துகள் மிகச் சிறியது. பின்னால் மெத்தென்ற ஸ்பான்ஜ் இருப்பதால் ஒவ்வொரு துகளின்மேலும் அழுத்தம் மிகக் குறைவு. பெரிய பொடியில் தொடங்கிச் சிறிய பொடிக்கு இறங்குவதன் காரணமும் நியூட்டன் சொன்னதுதான்: ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் கீறலை அழித்துத் தன் சிறிய கீறலைப் போடுகிறது. கடைசிக் கீறல் அந்த 70 நானோமீட்டருக்குள் வந்ததும் நிறுத்தலாம்.

வீட்டில் செய்பவர்கள் சுழன்றபடியே தள்ளாடும் வகை மெஷினை, டூயல் ஆக்‌ஷன் என்று விற்பார்கள், அதை வாங்குவதே நல்லது. ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷின் பழகிய கைக்கு உரியது. ஓரிடத்தில் சற்றே நின்றால் பெயின்ட் சூடேறிக் கருகிவிடும். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக்கோடு ஆகிய இடங்களில் பூச்சு இயல்பாகவே மெல்லியது, மெஷினின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அவற்றின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். வெயிலில் செய்யாதீர்கள், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முழுக் காரிலும் இறங்குவதற்கு முன் ஒரு சாண் சதுரத்தில், இருப்பதிலேயே மென்மையான பாலிஷால் தொடங்கிப் பாருங்கள். அது போதுமானால் அதற்குமேல் போக வேண்டாம். நகத்தால் தடவினால் நெருடும் கீறல் பொதுவாக ஆழமானது. அதைத் துரத்தாமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

பாலிஷ் போட்டு முடித்ததும் மின்னுவதை நம்பிவிடக் கூடாது. மழை பெய்ததும் செஞ்சிப் பாறைகள் கறுத்து மினுமினுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; கல்லின் சொரசொரப்பில் தண்ணீர் நிரம்பி மேற்பரப்பைச் சமப்படுத்துகிறது. காய்ந்ததும் பழையபடி சாம்பல் நிறம். பாலிஷில் உள்ள எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் இறங்கி அதே வேலையைச் செய்யும். எண்ணெயின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் திறன், பெயின்டுக்கு மிக நெருக்கமானது. இரண்டுக்கும் இடையே எல்லை இருப்பதே ஒளிக்குத் தெரியாது. இரண்டு மூன்று வாட்டர் வாஷில் எண்ணெய் போனதும் கீறல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து துடைத்துவிட்டுப் பார்த்தால் உண்மை அன்றைக்கே தெரிந்துவிடும். பெய்ல்பி அமிலம் வைத்துக் கண்டதை நாம் ஆல்கஹால் வைத்துக் காண்கிறோம். காசு கொடுத்துப் பாலிஷ் போடுபவர்கள் இந்தத் துடைப்பைக் கண்முன் செய்துகாட்டச் சொல்லலாம். முகம் சுளிப்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

அதன்பிறகு பாதுகாப்புப் பூச்சு. பழைய வழி மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைவகையின் ஓலையில் படியும் கார்னாபா மெழுகு இதில் புகழ்பெற்றது. 80 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் அந்த எல்லையை நெருங்குவதால், நம் ஊரில் மெழுகின் ஆயுள் வாரக்கணக்குதான். டெஃப்லான் கோட்டிங் என்று ஒன்றும் பல காலமாக விற்பனையாகிறது. தோசைக்கல்லில் டெஃப்லானைப் பிடிக்கவைக்க 300 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். கார் கதவை அப்படிச் சுட முடியாது. ஆகவே அந்தப் பெயரில் கிடைப்பது டெஃப்லான் தூள் கலந்த மெழுகோ பாலிமரோதான். பெயரைப் பார்த்து இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை.

செராமிக் கோட்டிங் வேதியியல்படி வேறு ரகம். அந்தச் சிறு குப்பியில் இருப்பது சிலிக்கான் அடங்கிய திரவம். பூசியதும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த வலைப்பின்னலாக இறுகி, பெயின்டைப் பற்றிக்கொள்கிறது. பெயின்டைக் கீறும் குவார்ட்ஸும் இதே சிலிக்கானும் ஆக்சிஜனும்தான் என்பது வேடிக்கை. ஆனால் குவார்ட்ஸ் படிகத்தின் கட்டுக்கோப்பு இதற்குக் கிடையாது. தடிமனும் ஒரு மைக்ரானைச் சுற்றித்தான். குப்பியின்மேல் 9எச் கடினம் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பலர் அதை மோஸ் வரிசையின் 9 என்று, வைரத்துக்கு அடுத்த இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்சில் கணக்கு. பெயின்ட் தொழிலில் பரப்பின்மேல் 6பி, எச்பி, 2எச் என்று பென்சில்களை வரிசையாகச் சாய்த்து அழுத்தித் தள்ளிப் பார்ப்பார்கள். எது வரை கீறவில்லையோ அது அந்தப் பூச்சின் கடினம். 9எச் என்றால் மிகக் கடினமான பென்சிலாலும் கீற முடியவில்லை என்று பொருள். பென்சில் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. சிங்கவரத்துத் தூசி பென்சில் இல்லை.

பூச்சு பளபளப்பைக் கூட்டுமா என்றால், ஏமாற்றமான பதில்தான். எதிரொளிப்பின் அளவு ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. மெழுகுக்கும் செராமிக்குக்கும் அது பெயின்டிலிருந்து அதிகம் விலகாதது. அந்த 4 சதவீதம் 4 சதவீதமாகவே இருக்கும். கண்ணைப் பறிக்கும் பளபளப்பு பூச்சுக்கு முன் போட்ட பாலிஷிலிருந்து வந்தது. கீறலோடு செராமிக் பூசினால் கீறலும் உள்ளே சேர்ந்து பத்திரமாக இருக்கும்.

அப்படியானால் பூச்சு எதற்கு? தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாமல் தடுக்க. துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்தைத் தொடுகோணம் என்பார்கள். வெயில் பட்டுப் பழசான பெயின்டில் துளி பரந்து படுக்கும், கோணம் 90 டிகிரிக்குக் கீழே. நல்ல பூச்சின்மேல் அது 100, 110 டிகிரிக்கு எழும்பி முத்தாக நிற்கும். தாமரை இலையில் 150 டிகிரியைத் தாண்டும். அந்த அளவுக்குக் காரைக் கொண்டுபோக முடியாதா? வழவழப்பான பரப்பில், வேதியியலால் மட்டும் எட்டக்கூடிய உச்சம் 120 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. தாமரை அதைத் தாண்டுவதன் ரகசியத்தை ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் விளக்கினார்கள்: இலை முழுக்க நுண்ணிய மொட்டுமேடுகள், அவற்றின்மேல் மெழுகு, துளி மேடுகளின் நுனியில் மட்டும் நிற்கிறது. அதாவது சொரசொரப்புதான் அதன் பலம். தாமரை இலையில் முகம் பார்க்க முடியாததன் காரணமும் அதுவே. மேடுகளை ஒளி அலையைவிடச் சிறியதாக்கினால் முத்தாக நிற்கும் துளி, பளபளப்பு இரண்டையும் ஒரே பரப்பில் சேர்த்துவிடலாம் என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு துடைப்பில் மேடுகள் முறிந்துவிடுவது அவற்றின் பெரிய தலைவலி.

முத்தாக நிற்கும் துளிக்கு ஒரு பாதகமும் உண்டு. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கழுவி வெயிலில் விட்டால், துளியிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஒரே இடத்தில் குவிந்து வெள்ளை வளையமாகக் காயும். பரந்து படுத்த தண்ணீர் என்றால் அதே உப்பு மெல்லிய படலமாகப் போயிருக்கும். துளி லென்ஸாக மாறி வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுட்டுவிட்டது என்று சொல்வார்கள். அது கதை. இலைகளை வைத்து ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் சோதித்தபோது, வழவழப்பான இலையின்மேல் உட்கார்ந்த நீர்த்துளியால் இலை கருகவில்லை. துளியின் குவியம் இலைக்கு வெகு கீழே விழுகிறது. காரிலும் கணக்கு அதேதான். வளையம் உப்பின் வேலை. தண்ணீர் கலந்த வினிகரை ஒரு நிமிடம் வைத்து, உடனே நன்றாகக் கழுவினால் புதிய கறை கரையும். பல நாள் வெயிலில் காய்ந்தது பெயின்டுக்குள்ளேயே அரித்திருக்கும், அதற்கு வினிகர் உதவாது. காக்கை எச்சத்துக்கும் இதே அவசரம் வேண்டும். வெயிலுக்கு அஞ்சிப் புளியமரத்தடியில் நிறுத்துபவர்கள் அதைத் தினமும் பார்த்திருப்பார்கள். உலர்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

வீட்டில் செராமிக் பூசுபவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் பூசி, வானவில் நிறங்கள் படரத் தொடங்கியதும் துடைத்துச் சமப்படுத்திவிட வேண்டும். சூடான தகட்டில் அந்த அவகாசமே கிடைக்காது. திட்டாக இறுகிவிட்டால் மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும், அதற்கும் பெயின்டில்தான் கழியும். நெடி பொல்லாதது, கையுறையும் காற்றோட்டமும் தேவை. முதல் நாள் மழைபடக் கூடாது.

ஓராண்டு கழித்துத் துளி முத்தாக நிற்கவில்லை என்று பூச்சு போய்விட்டதாக முடிவுசெய்து மறுபடி பூசுவோர் பலர். துளி தொடுவது மேலே உள்ளதைத்தான். சாலைப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால் துளி அந்தப் பிசுக்கின்மேல் படுக்கிறது. அடியில் பூச்சு நன்றாகவே இருக்கலாம். மெழுகு கலக்காத ஷாம்புவால் நன்றாகக் கழுவி, உப்புக்கறை இருந்தால் வினிகரும் காட்டி, மறுபடி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். பானெட்டில் ஓரிடத்திலும், வெயிலே படாத கதவின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்திலும் ஊற்றினால் ஒப்பிட்டும் பார்க்கலாம். கீழே முத்து நின்று மேலே நிற்காவிட்டால்தான் குப்பி வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.